அவன் பைக்கில் விழவில்லை

அந்தப் பக்கத்தைக் கிழித்தது நீங்கள். ஸ்கேலை ஓரத்தில் அழுத்திவைத்து, அவசரமே இல்லாமல் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். நான் எதிரே நின்று பார்த்தேன்.

பொங்கலூருக்குத் தெற்கே காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் சைட் மேனேஜரைச் சொல்கிறேன். பெயரை எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும். அவருக்குக் கீழே வேலை பார்க்கிற நாற்பது பேருக்கும் தெரியும்.

நான் அந்தச் சைட்டில் விபத்துப் பதிவேடு எழுதியவள். யார் விழுந்தார்கள், யார் கை நசுங்கியது, எந்த ஸ்பேனர் மேலிருந்து விழுந்து யார் தலையில் படாமல் தப்பியது என்று தேதி போட்டு எழுதிவைப்பதுதான் வேலை. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுத வரும். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன்.

அதற்கு முன்னால் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருஷம் ஊசிப் பதிவேடு எழுதினேன். பனியன் கம்பெனிக்குள் போகாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாத் துண்டையும் பொறுக்கி என்னிடம் கொண்டுவர வேண்டும். நான் துண்டுகளை நோட்டில் சேர்த்து வைத்து, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் மேலே டேப் ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பேன். முனை கிடைக்கவில்லை என்றால் காந்தத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்கடியில் தவழ வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விட்டு எடுக்க வேண்டும். எங்கோ வெளிநாட்டில் ஒரு குழந்தை போடும் சட்டைக்குள் ஊசிமுனை இருந்துவிடக் கூடாது. சரியான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஊசி டெய்லரின் விரலில் ஏறினால் அதை எழுத என்னிடம் யாரும் நோட்டு கொடுக்கவில்லை. விரலில் பிளாஸ்திரி ஒட்டி உட்காரச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மேஜை டிராயரில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதில் பழைய ஊசிமுனைகள் வைத்திருந்தேன். சரக்கு கிளம்புகிற நாளில் முனை காணாமல் போனால் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டி நீளத்தைச் சரிக்கட்டுவேன். மற்ற கம்பெனிகளில் எப்படியோ தெரியாது. நான் செய்தேன். அதனால் எனக்கு ஒன்று தெரியும்: ஒரு பதிவேட்டில் எல்லா ஊசியும் முழுசாக இருந்தால், அதை எழுதியவள் பொய் சொல்கிறாள்.

பனியன் முதலாளிக்குப் பொங்கலூர்ப் பக்கம் சொந்தமாகக் காற்றாலைகள் இருந்தன. அவற்றைப் பராமரிக்கும் கம்பெனி, நோட்டு எழுதப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று கேட்டபோது என்னை அனுப்பினார். முதல் நாள் மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒரு ஊசித் துண்டக் கூட உட மாட்டீங்களாமா? முதலாளி சொன்னாருங்க. இங்க ஆளுகளே ஏறி எறங்கறாங்க அம்மிணி. ஊசியப் பாத்த மாதிரி அவங்களையும் பாத்துக்குங்க."

அதை அவர் மனசாரச் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் ஏணி ஏறியவர்தான். வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் கிடையாது. ஆட்கள் சாப்பிட்டார்களா என்று கேட்காமல் அவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் எழுதாவிட்டால் நானும் ஒரு பக்கத்தைக் கிழித்தவள் ஆவேன்.

சைட் ஆபீஸ் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே கொக்கியில் எண் அட்டைகள் தொங்கும். காலையில் வேனை விட்டு இறங்கியதும் அட்டையை மாற்றுவேன். ஒரு வருஷம் யாரும் வேலையில் பட்ட காயத்தால் லீவு போடாமல் ஓடிவிட்டால் எல்லாருக்கும் பரிசு. போன தடவை எவர்சில்வர் குடம். இந்தத் தடவை மிக்ஸி என்று மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். பரிசு எல்லாருக்கும் அல்லது ஒருத்தருக்கும் இல்லை. அதனால் யாருக்காவது கை கிழித்தால் மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்றுகொள்வார்கள்.

"யக்கா, இதயெல்லாம் எழுதாதீங்க. பூனை பிராண்டுனதுன்னு நெனைச்சுக்கிடுங்க."

"எந்தப் பூனை தம்பி கிரீஸ் பூசிக்கிட்டுப் பிராண்டும்?"

"எங்க சைட்டுப் பூனைக்கு வேற என்ன பவுடர் கெடைக்கும்?"

இப்படிப் பேசியவன்தான் இந்தக் கதைக்கு உரியவன். முப்பது வயது தாண்டிய டெக்னீஷியன். தெற்கே கடற்கரை ஊர்க்காரன். என் அப்பா அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்கள்தான் என்பதால் என்னிடம் உரிமையோடு பேசுவான். நான் அவனைத் தம்பி என்பேன். அவன் மனைவி ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை பார்ப்பவள். ஒரே மகள் ஊரில் மனைவியின் அம்மாவிடம் வளர்ந்தாள். கிறிஸ்மஸுக்கும் கோடை லீவுக்கும் மட்டும் பார்ப்பார்கள்.

அவனுக்கு ஊருக்குத் திரும்ப ஒரு வழி தெரிந்தது. தெற்கே கடலுக்குள் காற்றாலை வரப்போகிறது என்று பேச்சு. இன்னும் ஒரு தூண்கூட நடவில்லை. ஆனால் அந்த வேலையில் இறங்கப்போகிற பெரிய கம்பெனி, எங்களைப் போன்ற பராமரிப்புக் கம்பெனிகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. தேர்வான கம்பெனியின் ஆட்களைக் கடல் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மேனேஜர் கையில் இருந்த பட்டியலில் இவன் பெயர்தான் முதலில்.

"படகுல போயி, அலை தூக்குத நேரத்துல ஏணியப் புடிச்சுத் தாவணுமாம் யக்கா. இவனுவ எல்லாம் வாந்தி எடுப்பானுவ. நா பொறந்ததே படகுலதான."

தேர்வுக்கு அந்தப் பெரிய கம்பெனி முதலில் கேட்டது எங்கள் விபத்துப் பதிவேட்டை.

அது காற்றுக் காலம். காற்றுக் காலத்தில் ஒரு காற்றாலை நின்றுவிட்டால் மேனேஜருக்குப் போன் ஓயாது. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்று நின்றது. இவனும் ஒடிசாக்காரன் ஒருவனும் ஏறப் போனார்கள். தூணுக்குள்ளே நேராக ஏணி போகும். ஏணியோடு ஒரு எஃகுக் கம்பி போகும். ஏறுகிறவன், தூணுக்கொன்றாக அங்கேயே இருக்கும் கவ்வியைத் தன் இடுப்பு வாரோடு சேர்த்து அந்தக் கம்பியில் மாட்டிக்கொள்வான். ஏறும்போது அது கூடவே ஓடிவரும். கால் வழுக்கினால் கம்பியைக் கடித்து ஆளை நிறுத்திவிடும். உயிர் அந்தக் கவ்வியில்தான்.

பதினோரு மணிக்கு ஜீப் வேகமாக வந்தது. ஒடிசாக்காரன் முதலில் குதித்தான். அவன் பாஷையில் என்னை அக்கா என்று கூப்பிட்டான்.

"தீதி, அண்ணன் கீழ விழுந்தது. கவ்வி புடிக்கலை. லேட்டா புடிச்சது."

கவ்விக்குள் இருந்த ஸ்பிரிங் உடைந்திருந்தது. இரண்டு ஆள் உயரம் கீழே வந்த பிறகுதான் அது கடித்திருக்கிறது. அதற்குள் வலது கை ஏணிப்படியில் சிக்கி, முழு உடம்பும் அந்தத் தோளில் தொங்கியிருக்கிறது. தம்பி ஜீப்பின் பின்சீட்டில் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். மேனேஜர் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துண்டால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கண்ணு, நேத்து லீவுதானே? பைக் எடுத்துட்டு வெளிய போனயா?"

"போனேன் சார்."

"நேத்து சாயங்காலம் பல்லடம் ரோட்டுல உழுந்துட்ட. இன்னைக்கு வேலைக்கு வந்த பொறவுதான் வலி தாங்கல. அப்புடிச் சொல்லிக்கலாமா? எனக்காவச் சொல்லலப்பா. சைட்டுல உழுந்தன்னு எழுதுனா கடல் லிஸ்டுல மொதல்ல அடிபடறது உன்ற பேருதான். கம்பெனியே அடிபட்டுப் போச்சுன்னா லிஸ்டே இருக்காது."

பின்னால் நின்ற ஒருவன், "பல்லடம் ரோட்டுல குழிக்கா பஞ்சம்?" என்றான். சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சிரித்ததில் தோள் அசைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"யக்கா, பைக்குன்னே போடுங்க. சின்ன அடிதான். ரெண்டு வாரத்துல ஏறிருவேன்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் பைக் என்றுதான் சொன்னான். அதே பொய்யில் கையெழுத்தும் போட்டான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய பழக்கம். உடைந்த ஸ்பிரிங்கின் மறுபாதி எங்கே? மத்தியானம் ஜீப் டிரைவரிடம் சொல்லி அந்தக் காற்றாலைக்குப் போனேன். கையில் காந்தம். தூணுக்கடியில் கிரீஸும் வௌவால் எச்சமும் கலந்த தரையில் குந்தி உட்கார்ந்து காந்தத்தை ஓட்டினேன். டிரைவர் வாசலில் நின்று சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, கம்மலத் தொலைச்சுப் போட்டீங்களா?"

கால் மணி நேரத்தில் கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு. ஆபீசில் கவ்வியிலிருந்த பாதியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. உடைந்த முகத்தில் பாதி துருப்பிடித்திருந்தது. அதாவது அன்றைக்கு உடைந்ததல்ல. முன்பே விரிசல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவன் அதை நம்பி ஏறியிருக்கிறான்.

பதிவேட்டைத் திறந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்து டேப் ஒட்டினேன். ஒடிசாக்காரனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். தம்பி கேட்டுக்கொண்டதையும் மீறி எழுதினேன். நல்லவள் என்பதால் எழுதவில்லை. துண்டு கிடைத்துவிட்டால் ஒட்டுவதைத் தவிர என் கைக்கு வேறொன்றும் தெரியாது. போட்டோ எடுத்துவைத்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"நீங்க எழுதுனது தப்புன்னு சொல்லலீங்க அம்மிணி. எழுதுன நேரந்தான் தப்பு. இன்னும் பத்து நாள்ல ஆடிட்டு."

பிறகுதான் ஸ்கேலை எடுத்தார்.

கிழித்த பிறகு ஒரு சிக்கல். பக்கங்களில் நம்பர் அச்சாகியிருந்தது. ஒன்று குறைந்தால் யார் கண்ணிலும் படும். அதனால் புது நோட்டு வந்தது. அந்த வருஷத்தின் பதிவு முழுவதையும் நான் அதில் பார்த்து எழுதினேன். இரண்டு நாள் ஆனது. ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று நீலம், கறுப்பு, ரீபிள் தீர்ந்துபோன நீலம் என்று மாற்றி மாற்றி எழுதினேன். யாரும் சொல்லித்தரவில்லை. தீப்பெட்டி வைத்திருந்தவளுக்கு அதெல்லாம் தானாக வரும். ஆட்கள் வரிசையில் நின்று பழைய தேதிகளுக்குப் புதுக் கையெழுத்துப் போட்டார்கள். பரீட்சை ஹால் மாதிரி சிரிப்பு.

படித்துப் பார்த்த மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "ரொம்ப சுத்தமா இருக்குதுங்களே. நம்புவாங்களா?"

அதனால் 'தப்பித்த சம்பவங்கள்' என்ற பகுதியில் சின்னச் சின்னதாக இட்டுக்கட்டி எழுதினோம். தூண் வாசல் படியில் பாம்பு கிடந்தது, யாரும் மிதிக்கவில்லை. மழையில் ஜீப் சறுக்கியது, வேலியில் நின்றது. கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து மயில் பறந்து வந்து ஹெல்மெட்டில் மோதியது, காயமில்லை. மயில் என் கற்பனை. அந்தப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மயில்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆடிட்டுக்கு வந்தவர் பொறுமையானவர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மயிலில் நின்றார்.

"இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட எழுதியிருக்கீங்க. பெரிய கம்பெனிகள்லயே இதைச் செய்யறதில்ல." போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏணியில யாருக்கும் அடி படலையா?"

"இல்லீங்க சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை யாரும் என்னை அடித்து வாங்கவில்லை.

கம்பெனி தேர்வானது. பலகையில் எண் நிறைந்தது. மிக்ஸி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. அதைத் தொடாமல் மூலையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். தினமும் அதில்தான் சட்னி அரைக்கிறேன்.

தம்பிக்கு இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கட்டைப் பிரித்த பிறகும் வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. உள்ளே நார் கிழிந்திருக்கிறது, முதலிலேயே விழுந்த விதத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி பார்த்திருக்கலாம் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னாராம். கடல் பயிற்சிக்கு முன் உடல் சோதனை. ஒரு கம்பியில் இரண்டு கையாலும் தொங்கச் சொன்னார்கள். அவனால் கையைக் கம்பிவரை தூக்கவே முடியவில்லை. மற்ற ஆறு பேர் போனார்கள். மேனேஜர் அவனைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார். இடது கையால் கேட்டைத் திறந்து மூடினான்.

நான் வேனிலிருந்து இறங்கும்போது, "யக்கா, இந்தக் காத்தாடி எல்லாம் இப்ப எனக்குக் காட்சிப் பொருளாப் போச்சு, பாத்துக்கிடுங்க" என்றான். நான் அட்டையை மாற்றப் போனேன்.

வேலையில் பட்ட காயத்தால் கை நிரந்தரமாக ஊனமானால் ஈ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் பணம் கிடைக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் வேலையில் பட்டது என்று கம்பெனி அறிக்கை கொடுக்க வேண்டும். அவன் போய்க் கேட்டான். மேனேஜர் அவன் ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்தைக் காட்டினார்.

"நீயே பைக்குன்னு எழுதிக் குடுத்துட்டயே கண்ணு. நான் இப்ப மாத்திச் சொன்னா கம்பெனி மொத்தமும் பொய்யுன்னு ஆயிருமே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மனைவி நெருப்பெரிச்சலில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஸ்கேன் கவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்கதான அந்த நோட்ட எழுதுனிய?"

"நான்தான்மா."

"அந்த ஞாயித்துக்கிழம சாயங்காலம் அவுக எங்கூட மாதா கோயில்ல இருந்தாவ. பக்கத்துல முழங்கால் போட்டு இருந்தாவ. எந்த ரோட்டுலயும் விழல. வீட்டுக்கு வந்து கறிக்கொழம்பு தின்னுட்டு ரெண்டு கையாலயும் மகளுக்கு வீடியோ கால்ல ஆட்டிக் காட்டுனாவ. பொறவு எங்க விழுந்தாவன்னு ஒங்க நோட்டுல பாத்துச் சொல்லுங்க."

"நோட்டுல இல்ல" என்றேன். "எழுதுனேன். இப்ப இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன். புது நோட்டு, மூன்று பேனா, மயில் எல்லாம்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஸ்கேன் கவரின் ஓரத்தைத் தடவினாள்.

"நா செக்கிங்ல ஒரு ஓட்டையப் பாக்காம விட்டா எந்த டேபிள்ல தவறிச்சுன்னு கண்டுபுடிச்சு வந்து நிக்காவ. ஒரு மனுசன் தோளு போயிருக்கு. கேக்க ஒரு டேபிள் இல்ல."

போகும்போது வாசலில் திரும்பி, "அவுகளும் பொய் சொன்னாவ. அதயும் நா மறக்கல" என்றாள். அவளுடைய கோபத்தில் கணக்கு சரியாக இருந்தது. என்னுடையதில் இல்லை, நான் என்னை விட்டுவிட்டு மற்றவர்களையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அறிக்கை கொடுங்கள் என்று கேட்டேன். மேஜையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை. ஒன்றைப் பிதுக்கி விழுங்கினார்.

"நாப்பது ஊடு அம்மிணி. இந்த வேல போச்சுன்னா நாப்பது ஊட்டுல அடுப்பு? அவனுக்கு உசுரு இருக்குது. கேட்டுல வேல இருக்குது. நான் வெச்சுப் பாத்துக்கறனுங்க, சாகற வரைக்கும் வெச்சுப் பாத்துக்கறன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

"நீங்க ரிட்டயர் ஆனா யார் பாப்பாங்க சார்?"

அவர் மாத்திரை அட்டையை டிராயரில் வைத்து மூடினார். எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. பயந்த மனிதர். ஆனால் நெற்றியைத் துடைத்துவிட்டதும் பக்கத்தைக் கிழித்ததும் ஒரே கைதான்.

அன்று சாயங்காலம் ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்காரர் எழுதும் சரக்கு நோட்டை வேறு எதற்கோ புரட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. தம்பி விழுந்த அந்த வாரமே, எங்கள் பொறுப்பில் இருந்த எல்லாக் காற்றாலைக்கும் புதுக் கவ்விகள் வந்திறங்கியிருந்தன. பழையவை எல்லாம் திரும்ப வாங்கி உடைத்துப் போடப்பட்டிருந்தன.

"இதை யார் வாங்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"மேனேஜரே கோயமுத்தூர் போயி எடுத்துட்டு வந்தாருங்க. பில்லு பாஸாகறதுக்கு முந்தியே. ஒவ்வொண்ணாத் தானே மாட்டி இழுத்து இழுத்துப் பாத்தாருங்க. கேட்டா, சும்மா மாத்தறேன்னாரு."

இந்த முறை போட்டோ எடுத்தேன்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் அந்தக் கவ்விகளை அப்படியே விட்டிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்பிரிங்கில் இருந்த துருவைப் பார்த்தார், பயந்தார், அத்தனை பேர் உயிரையும் காப்பாற்றினார். ஏற்கெனவே விழுந்த ஒருவனை மட்டும் ரோட்டில் விட்டுவிட்டார்.

நான் ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டை மாற்றி எழுதியது நான், இன்ன தேதியில் இன்னது நடந்தது, இதுதான் சரக்கு நோட்டின் படம் என்று கையெழுத்துப் போட்டேன். தம்பியும் தன் பழைய கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுத்தான். அந்த வாரக் கடைசியில், நாளையிலிருந்து வேன் வராது என்று எனக்குப் போன் வந்தது. இப்போது மறுபடியும் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், பேக்கிங்கில். யாரும் என்னிடம் நோட்டு கொடுப்பதில்லை. நியாயம்தான்.

ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து கம்பெனியிடம் விளக்கம் கேட்டார்கள். சைட்டில் விபத்து எதுவும் நடக்கவில்லை, நான் வேலை போன ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று கம்பெனி பதில் கொடுத்தது. வேலை போனது எழுதிய பிறகு. அந்தப் பதிலிலும் உங்கள் கையெழுத்துதான், மேனேஜர் சார். ஒடிசாக்காரனை வேறு மாநிலத்துச் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள், போன் போகவில்லை. ஜீப்பைச் சுற்றி நின்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே வரிசையில் நின்று மிக்ஸி வாங்கியவள். தம்பியை மட்டும் கேட்டிலிருந்து இன்னும் அனுப்பவில்லை. அதுவும் உங்கள் தயவு என்று எனக்குத் தெரியும்.

ஆக, அவன் தோள் எங்கே போனது என்று இனி சொல்ல முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த மாதம் பாதுகாப்பு வாரம். சைட்டில் பந்தல் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பனியன் முதலாளி வருகிறார். கடல் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். நாற்பது பேரும் ஹெல்மெட்டோடு நிற்பார்கள், நீங்கள் மைக்கில் உறுதிமொழி வாசிப்பீர்கள், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவனும் கேட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

உறுதிமொழியை அப்புறம் வாசியுங்கள். முதலில் அந்த மைக்கில் இதற்குப் பதில் சொல்லுங்கள். தனியாக என்னிடம் வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்து வேண்டாம். அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். அவன் விழுந்தது பல்லடம் ரோட்டில் என்றால், அந்த வாரமே எல்லாக் காற்றாலையிலும் எதற்காகக் கவ்வியை மாற்றினீர்கள்?